ஷண்முகப்ரியாவின் மூன்று யானைகள்

உலகம் தோன்றிய நாள் முதல் இன்று காலை பத்தே கால் மணி வரை பிறந்த எழுத்தாளர்கள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் தேவர்சோலை நல்லசாமி மகள் ஷண்முகப்ரியாவின் பேனா மூடியை மட்டும் வைத்தால், மூடி வைத்த தட்டுத்தான் தரையைத் தொடும். பைக்காராவில் தண்ணீரை விழவைத்து மின்சாரம் எடுக்கிறார்களே, அதுபோல அவள் பேனாவிலிருந்து விழுவதைப் பிடித்துக் கம்பியில் விட்டிருந்தால் நீலகிரியில் எந்த மழைக்காலத்திலும் கரண்ட் போகாது. சம்பந்தப்பட்டவர்களுக்கு இது இன்னும் தெரியாமல் இருப்பதுதான் குறை.

அப்பேர்ப்பட்டவள் கூடலூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தமிழைத் தேடிப் போனாள் என்று நினைக்க வேண்டாம். பி.காம். கேட்டாள், இடம் இல்லை. கம்ப்யூட்டர் கேட்டாள், அதிலும் இல்லை. தமிழில் இடம் இருந்தது, நிறையவே இருந்தது. அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து தேவர்சோலையில் டீக்கடை வைத்திருக்கும் நல்லசாமி, "தமிழுதான் நமக்கே தெரியுமே. அதைப் படிக்க எதுக்கு டெய்லி பஸ் ஏறோணும்?" என்று கேட்டார். அம்மா சுஜாதா, "ஊட்டுல இருந்தா செல்போனைத்தான் நோண்டுவா. போயிட்டு வரட்டுமுங்க" என்றாள். இப்படியாகத் தமிழுக்கு ஷண்முகப்ரியா கிடைத்தாள்.

வீட்டில் ஒரு தம்பியும் உண்டு. சுஜித், பதினேழு வயது. பதினொன்றாம் வகுப்பின் பாதியில், போதும் என்று அவனும் பள்ளிக்கூடமும் ஒருமனதாக முடிவெடுத்த பிறகு கடையில் நிற்கிறான். தங்கமான பையன். அவனைப் பற்றி இந்தக் கதையில் சொல்ல வேறொன்றும் இல்லை.

அவளுடைய முதல் படைப்பு ஒரு லீவு லெட்டர். அன்றைக்கு அவள் செல்போன் அலாரத்தை யாரோ அணைத்து வைத்துவிட்டார்கள். எட்டரை மணிக்கு எழுந்தவள், பஸ் போன கடுப்பில் உட்கார்ந்து எழுதினாள்: 'மதிப்பிற்குரிய ஐயா, இன்று காலை ஏழரை மணியளவில் எமது இல்லத்தின் பின்புறத்துப் பலாமரத்தடியில் மதங்கொண்ட களிறொன்று மலையெனத் திரண்டு நின்றமையால்...'

எங்கள் பக்கத்தில் யானை வந்ததால் லீவு என்பது காய்ச்சல் வந்ததால் லீவு என்பதுபோலத்தான். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் லெட்டரின் அழகைப் பார்த்து மயங்கிய தோழிகள் அதே வாரத்தில் அதை அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். ஓவேலியிலிருந்து வரும் கனிஷ்காவும் ஹாஸ்டலில் இருந்தவளும் தேதியைக்கூட மாற்றவில்லை. ஒரே நாள், ஒரே ஏழரை மணி, தேவர்சோலையில் ஒரு பலாமரத்தடியிலும், ஓவேலியில் ஒரு பலாமரத்தடியிலும், பலாமரமே இல்லாத கூடலூர் லேடீஸ் ஹாஸ்டலின் பின்புறத்திலும் அந்தக் களிறு மலையெனத் திரண்டு நின்றிருந்தது.

வகுப்பாசிரியர் நவநீதன் மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். பொள்ளாச்சிக்காரர். மலைக்கு வந்து ஒன்பது வருடமாகியும் மே மாதத்தில்கூட ஸ்வெட்டரைக் கழற்றாதவர்.

"இது யானை இல்லீங்க" என்றார். "அவதாரம்."

அந்த நவநீதன் சார்தான் இரண்டாம் ஆண்டில் படைப்பிலக்கியப் பயிற்சி என்ற தாளையும் எடுத்தார். எடுத்தார் என்றால், பாடம் நடத்தினார் என்று அர்த்தமில்லை. எழுதச் சொல்வார், வாங்கிக்கொள்வார், சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பித் தருவார். வட்டத்துக்கு விளக்கம் கிடையாது.

முதல் பயிற்சி, 'எங்கள் ஊர்'. நாற்பத்தொரு நோட்டுகளையும் சுமந்து வந்து மேசையில் போட்டவர், கையைத் தேய்த்துச் சூடு ஏற்றிக்கொண்டு சொன்னார்.

"முப்பத்தேழு பேரு தேயிலைத் தோட்டத்தைப் பச்சைக் கம்பளம்னு எழுதியிருக்கறீங்க. எல்லாத்தையும் விரிச்சா இங்கிருந்து மைசூரு வரைக்கும் போகுமுங்க. அப்புறம் மனுசன் எங்க நடக்கறது?"

ஷண்முகப்ரியா பெருமையோடு எழுந்தாள். "நான் கம்பளம் போடலைங்க சார். பச்சைப் பட்டாடைன்னு போட்டிருக்கேனுங்க."

"பார்த்தேனுங்க. கம்பளக் கடைக்குப் பக்கத்துலயே ஜவுளிக் கடை."

வகுப்பு சிரித்தது. அன்று மாலை அவள் நோட்டின் அட்டையில், 'ஷண்முகப்ரியா, பி.ஏ.' என்று எழுதியிருந்ததற்குக் கீழே, 'கம்பளம் மற்றும் ஜவுளி, மொத்தம் சில்லறை' என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். தம்பியைக் கேட்டாள். "எனக்கு அவ்வளவு தமிழ் வருமாக்கா?" என்றான். நியாயமான பதில்.

இரண்டாவது பயிற்சியில் அவள், 'யாரோ ஒரு மூதாட்டி எங்கோ பார்த்தபடி ஏதோ நினைவில் ஆழ்ந்திருந்தாள்' என்று தொடங்கினாள். எழுதும்போதே உடம்பெல்லாம் சிலிர்த்ததாகப் பின்னால் அவளே ஒத்துக்கொண்டிருக்கிறாள். யாரோ, எங்கோ, ஏதோ மூன்றுக்கும் வட்டம் விழுந்தது. இந்த முறை சார் வாயையும் திறந்தார்.

"யாருங்க? எங்கீங்க? என்னங்க? உங்களுக்கே தெரியலைன்னா எனக்கு எதுக்குச் சொல்றீங்க?"

அன்றிலிருந்து வீட்டில் ஒருவரும் நிம்மதியாகப் பேச முடியவில்லை. "யாரோ கடைக்கு வந்து கேட்டுட்டுப் போனாங்க" என்று அம்மா ஆரம்பித்தால், "யாரும்மா?" என்று பாய்வாள். "ஏதோ ஒரு வண்டி நிக்குது" என்று அப்பா சொன்னால், "என்ன வண்டிங்கப்பா, என்ன கலரு?" என்பாள். நல்லசாமி வடைச் சட்டியிலிருந்து நிமிர்ந்து, "தமிழ் படிக்க அனுப்பிச்சா இவளென்ன போலீஸுக்குப் படிக்கறா?" என்று கேட்டார்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்தச் சிவப்பு வட்டங்கள் அவளுக்குப் பிடித்துப்போயின. அவள் எழுதிய ஒரு வரியை இன்னொரு மனிதர் நின்று, திரும்பப் படித்து, கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. நோட்டு வந்ததும் மார்க்கைப் பார்க்காமல் வட்டத்தைத்தான் எண்ணுவாள். குறைந்திருந்தால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டு வருவாள். கடைக்கு எதிரே பஸ் திரும்பும்போது இது நன்றாகத் தெரியும்.

கடைசிப் பயிற்சிதான் வினை. உயிரோடு இருக்கும் ஒரு சாதாரண மனிதரின் வாழ்க்கையை ஆறு பக்கம் எழுத வேண்டும். "எழுதினதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டோணும். 'இது நான்தான்'னு கடைசிப் பக்கத்துல அவங்க கையெழுத்துப் போடோணும். கையெழுத்து இல்லாத நோட்டை நான் தொட மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டார் சார். நோட்டைத் தொடாவிட்டால் இன்டர்னல் மார்க் இல்லை. அது இல்லாவிட்டால் அரியர். அவளுக்கு ஏற்கெனவே இங்கிலீஷில் ஓர் அரியர் இருந்தது. நல்லசாமி தெளிவாகவே சொல்லியிருந்தார்: "இன்னொண்ணு விழுந்துதுன்னா காலேஜும் வேண்டா கீலேஜும் வேண்டா. கரண்டியைப் புடிச்சுட்டு வடைச் சட்டி முன்னால நின்னுக்க." அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை.

ஷண்முகப்ரியா தேர்ந்தெடுத்தது வீரம்மாவை. எஸ்டேட்டில் இலை எடுப்பவள், நாற்பத்தாறு வயது, புருஷன் இல்லை. எஸ்டேட் குடியிருப்பு வரிசையைப் பாடி என்பார்கள், அதில் கடைசி வீடு. அப்பன் ஆத்தாள் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அழவைப்பதற்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன.

ஊரில் அவளுக்கு ஆனை வீரம்மா என்று பேர். இடது புருவத்துக்கு மேலே மூன்று விரல் நீளத்துக்குத் தழும்பு. ஆறு வருடத்துக்கு முன்பு மூடுபனியில் ஓர் ஒற்றை யானை தும்பிக்கையால் அடித்தது என்றும், இவள் நகராமல் நின்று அதன் வம்சத்தையே திட்டியதில் அது வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டது என்றும் பாடி முழுக்கப் பேச்சு. அதனால் எஸ்டேட் ஜீப்பில் முன் சீட் அவளுக்குத்தான். யானை வந்தால் வனத்துறைக்குப் போன் போட்டுவிட்டு, அடுத்ததாக வீரம்மாவைக் கூப்பிடுவார்கள்.

முதல் பிரதியைப் பாடியின் தண்ணீர்க் குழாயடியில் வைத்து ஷண்முகப்ரியா படித்துக் காட்டினாள். 'கண்ணீரில் கஞ்சி காய்ச்சி' என்று வந்த இடத்தில் வீரம்மா துணி கும்முவதை நிறுத்தினாள். மூன்றாம் பக்கத்தில் மூக்கைச் சிந்தினாள். ஆறாம் பக்கம் முடியும்போது விசும்பியே விட்டாள். ஷண்முகப்ரியாவுக்கு உள்ளே பட்டாசு வெடித்தது.

"பாவம்" என்றாள் வீரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "யாரு புள்ள அந்தப் பொம்பள? எந்த எஸ்டேட்டு?"

"நீங்கதானுங்க்கா."

வீரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "என்னாங்குற? நானா? நான் எப்படி புள்ள கண்ணீர்ல கஞ்சி காய்ச்சுவேன்? நேத்துத்தான உங்கப்பன் கடையில மூணு பருப்பு வடை தின்னேன், நீதான கட்டிக் குடுத்த!"

கையெழுத்து கிடைக்கவில்லை. அழவைத்ததுக்காக ஒரு பாட்டம் திட்டு கூடுதலாகக் கிடைத்தது.

இரண்டாம் பிரதியில் கண்ணீரை அடியோடு வெட்டிவிட்டாள். பிறந்த ஊர், கல்யாணம், பிள்ளை, வேலைக்குச் சேர்ந்த வருடம் எல்லாம் சுத்தமாக, வட்டம் போட ஒரு சொல் இல்லாமல் இருந்தது. வீரம்மா கொட்டாவி விட்டாள். "இதுக்கு என் ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்திருக்கலாமே. அதுலயாச்சும் என் போட்டோ இருக்கும்."

அதற்குள் கொடுக்க வேண்டிய தேதிக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. சனிக்கிழமை ஷண்முகப்ரியா ஒரு ஃபிளாஸ்கில் டீயை ஊற்றிக்கொண்டு வீரம்மாவின் பின்னாலேயே தோட்டத்துக்குப் போனாள். நாள் முழுக்கக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வீரம்மா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டும்போது கடவாயில் கயிற்றைக் கவ்விக்கொண்டே சூப்பர்வைசரைத் திட்டுவதைப் பார்த்தாள். காலில் அட்டை ஏறினால் புகையிலையைத் தடவிவிட்டு, இலை வெட்டும் கத்தரியை நிறுத்தாமல் ஓட்டுவதைப் பார்த்தாள். பத்து மணிக்கு மூடுபனி இறங்கி நாலடிக்கு அந்தப்பக்கம் ஒன்றும் தெரியாமல் போனது. அப்போது வளைவில் நின்ற கரண்ட் கம்பத்தைக் கடந்த வீரம்மா, அதை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போதும் தட்டினாள்.

"அதை எதுக்குங்க்கா தட்டறீங்க?"

"பழக்கம்."

"என்ன பழக்கமுங்க?"

வீரம்மா சுற்றிலும் பார்த்தாள். பனியில் யாரும் இல்லை. முதலில் தோள்தான் குலுங்கியது. அப்புறம் சிரிப்பு பீறிட்டு வந்து, அவள் இலைமூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைய அடிச்சது இதுதான் புள்ள. இப்படித்தான் அன்னிக்கும் பனி. எனக்கு முன்னால கருப்பா, பெருசா, புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு. தூக்கைப் போட்டுட்டு ஓடுனேன் பாரு, நேரா வந்து இதுல முட்டிக்கிட்டேன். கண்ணைத் தொறந்தா வேலன் வீட்டு மாடு என் சோத்துத் தூக்கை நக்கிக்கிட்டு நிக்குது. அதுக்குள்ள எல்லாரும் ஓடியாந்து 'ஆனையா, ஆனையா'ன்னு கேக்குறாங்க. எனக்குப் பேச மூச்சு இல்ல. தலையை ஆட்டுனேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அம்புட்டுத்தான். ஆறு வருசமா ஆட்டிக்கிட்டே இருக்கேன்."

அன்று மாலை ஷண்முகப்ரியா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாட்டை எழுதினால் வீரம்மாவின் முன் சீட்டு போய்விடும். அப்படி எழுதின நோட்டில் அவள் எதற்காகக் கையெழுத்துப் போட வேண்டும்? யானையை எழுதினால் உடனே போடுவாள், சந்தோஷமாகவே போடுவாள். அரியரும் இல்லை, வடைச் சட்டியும் இல்லை. 'மதங்கொண்ட' என்று எழுதினாள். பலாமரம் இல்லாத ஹாஸ்டல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அடித்தாள். அந்த அடியில் தாள் கிழிந்தது.

மறுநாள் குழாயடியில் இருந்த பெண்களை, "போங்கடி, ரேசன் கார்டு விசயம்" என்று வீரம்மா விரட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஷண்முகப்ரியா படித்தாள். கடவாயில் கயிறு, கம்பத்தில் இரண்டு தட்டு, பனி, மூச்சு, ஓட்டம், எல்லாம் வந்தது. முடித்தபோது வாளி நிரம்பி வழிந்து கால் நனைந்துகொண்டிருந்தது. இருவருமே குழாயை மூடவில்லை.

"பசு மாடுன்னு எழுதியிருக்க."

"ஆமாங்க்கா."

"பசு மாட்டைப் பார்த்து ஆனைன்னு நெனைக்க நான் என்ன லூசா? எருமை புள்ள, எருமை! கருப்பா, இந்தா இம்மாம் பெருசு. எழுதுறதைச் சரியா எழுது."

ஷண்முகப்ரியா அங்கேயே பசுவை அடித்து எருமை ஆக்கினாள். வீரம்மா நோட்டை வாங்கி, கையைச் சேலையில் துடைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள்: 'இது நான்தான். ஆனை வீரம்மா.' பேரை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

(இந்த எருமை விஷயத்தை இங்கே வெளியிட வீரம்மாவிடம் முறையாக அனுமதி வாங்கியாயிற்று. ஒரு மாதத்துக்குத் தினமும் இரண்டு பருப்பு வடை.)

நோட்டு கொடுக்க வேண்டிய கடைசி நாள் வந்தது, கெடு மாலை நாலு மணி. அன்று மதியம் இரண்டு மணிக்குத் தமிழ்த் துறையில் பையைத் திறந்த ஷண்முகப்ரியாவின் கையில் வந்தது வேறு நோட்டு. அதே பிரவுன் அட்டை, உள்ளே இரண்டே பக்கம் பதினொன்றாம் வகுப்பு வேதியியல். யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். வகுப்பில் அவள் முழிப்பதை நினைத்துக் கடையிலிருந்தபடியே சிரிப்பதற்காகச் செய்திருக்கலாம். அன்றுதான் கடைசி நாள் என்பது செய்தவருக்குத் தெரிந்திருக்காது என்று நம்ப நிறைய இடமிருக்கிறது.

அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. சுஜாதா தேடிப் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணையும் காணோம் கண்ணு" என்றாள். உண்மைதான். அதற்குள் நோட்டு பஸ் ஏறியிருந்தது.

பஸ் பாதி வழியில் நின்றது. வளைவில் யானை, நிஜ யானை, தும்பிக்கை, வால் எல்லாவற்றோடும். முன்னால் எட்டு வண்டி, பின்னால் பத்து. மழை வேறு. பஸ்ஸிலிருந்து யாரோ ஒருவர் நோட்டை உர மூட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கி, தேயிலைச் சரிவில் குறுக்கே ஓடினார். அந்தக் குறுக்கு வழி ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாது. இரண்டு இடத்தில் சறுக்கி விழுந்தார். ஏழு அட்டை கடித்தது. மூன்று ஐம்பதுக்குக் கல்லூரி கேட்டில் வாட்ச்மேன் கையில் நோட்டைத் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"ஆரோ தந்துட்டுப் போயி மோளே" என்றார் மலையாளி வாட்ச்மேன். "முகம் முழுக்க சேறு."

சார் கடிகாரத்தைப் பார்த்தார். நாலுக்கு இரண்டு நிமிடம். "ஏனுங்க இவ்வளவு லேட்டு?"

"நோட்டு வந்த பஸ்ஸை யானை மறிச்சுருச்சுங்க சார்."

"களிறுங்களா?"

"இல்லீங்க சார். வெறும் யானை."

அவர் நோட்டை வாங்கிக்கொண்டார். நம்பினார்.

அடுத்த வாரம் நோட்டு திரும்பி வந்தது. ஆறு பக்கத்திலும் ஒரே ஒரு வட்டம். கடைசியில், வீரம்மாவின் கையெழுத்துக்குக் கீழே, 'எருமை நன்று' என்று சிவப்பில் இரண்டே சொல். இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு. நல்லசாமி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "எருமைன்னு எழுதறதுக்கா மார்க்குக் குடுக்கறாங்க?" என்றார். ஆனாலும் அன்று கடைக்கு வந்த எல்லாரிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் சாரின் சட்டம் எல்லாருக்கும் பொதுவாயிற்றே. இந்தக் கதையையும் சம்பந்தப்பட்டவர் முன் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் குறைந்த நேரம், எழுதியவர் படிக்க, வெங்காயம் உரித்துக்கொண்டே ஷண்முகப்ரியா கேட்டாள். தராசில் சிரித்தாள். கம்பளத்தில் முறைத்தாள். பஸ் ஜன்னலில் மட்டும் வெங்காயத்தையே பார்த்தாள். படித்து முடித்ததும் கையைத் துடைத்து, தாள்களை வாங்கி, பையிலிருந்து புத்தம் புதிய சிவப்புப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு 'யாரோ'வுக்கும் நிதானமாக வட்டம் போட்டாள்.

"ஏன்டா சுஜித்து, இந்த யாரோ யாரு?"

"தெரியலக்கா. அதனாலதான் யாரோன்னு போட்டிருக்குது."

"மொகம் வாட்ச்மேனுக்கே தெரியலை. அட்டையை மட்டும் எப்படி எண்ணுனே?"

எழுதியவர் வெளியே மழை வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். வரவில்லை. "கையெழுத்தைப் போடுக்கா, வடை தீயுது."

"போடறேன். தப்பு ஒண்ணு இருக்குது, அதைத் திருத்து மொதல்ல." 'ஏழு அட்டை'யில் ஏழு என்பதை அடித்து, மேலே எட்டு என்று எழுதினாள். "காதுக்குப் பின்னால ஒண்ணு இருந்துது. அன்னிக்குச் சாயங்காலம் நீ சாக்கு மேல வாயைப் பொளந்துட்டுத் தூங்கறப்ப, உப்பு வெச்சு எடுத்ததே நானு. எழுதறதைச் சரியா எழுதுடா."